கட்டிலுக்கு அடியில் அரை மூட்டை உப்பு

போன செவ்வாய்க்கிழமை கூட்டுறவுப் பண்டகசாலையில் எனக்கு முன்னால் நின்ற மனிதர் ஒன்பது பாக்கெட் ரவை எடுத்தார். அதை எண்ண வேண்டிய அவசியம் எனக்கு இல்லை. ஆனாலும் எண்ணினேன். அவர் முகத்தைப் பார்த்தேன். விஷயம் தெரிந்த முகம். சட்டைப் பையில் இரண்டு பேனா வேறு. இரண்டு பேனா வைத்திருக்கிறவருக்கு ஏதாவது தகவல் வராமலா இருக்கும்? நான் வாங்கப் போனது கால் கிலோ உளுந்து. வெளியே வந்தபோது என் பையில் ஆறு பாக்கெட் ரவையும் இருந்தது. பஸ் நிறுத்தத்தில் அதே மனிதரைப் பிடித்து, "ரவை இனிமே வராதாமா?" என்று மெதுவாகக் கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு, "தெரியாதே சார். நமக்கு டிபன் கடை" என்றார்.

வீட்டில் என் மனைவி செண்பகம் ரவையைப் பார்த்தாள். மெல்லக் குனிந்து கட்டிலுக்கு அடியில் ஒரு பார்வை பார்த்துவிட்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். முப்பது வருஷமாக அவள் என்னைச் சொல்லிக்காட்டுவது இப்படித்தான். வாய் திறக்க மாட்டாள், குனிவாள். அந்தக் குனிவின் காரணத்தை உங்களிடமாவது சொல்லிவிடுகிறேன்.

இப்போதைய கடைகளில் எதற்கும் வாசனை கிடையாது. எல்லாம் பாக்கெட்டுக்குள் மூச்சடைத்துக் கிடக்கின்றன. உலகச் சண்டைக் காலத்தில் எங்கள் தெருமுனையில் இருந்த பொன்னுசாமி அண்ணாச்சி கடையைக் கண்ணை மூடிக்கொண்டே கண்டுபிடிக்கலாம். முதலில் கருப்பட்டி வாசம் வரும், அப்புறம் பெருங்காயம், அப்புறம் ஈரச்சாக்கு. ஈரச்சாக்கு வாசம் வந்தால் கடை வாசலில் நிற்கிறீர்கள் என்று அர்த்தம். ஏனென்றால் உப்பு மூட்டை கடைக்கு வெளியே, தெருவில்தான் கிடக்கும். ராத்திரி கடையை அடைத்துப் பூட்டுவார். உப்பு மட்டும் அங்கேயே கிடக்கும். யாரும் தொட மாட்டார்கள். ஊரைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக அம்பாரம் அம்பாரமாக உப்பு கிடக்கிற தூத்துக்குடியில் உப்பைத் திருடுகிறவனை யார் மதிப்பார்கள்? அண்ணாச்சி உப்பை மட்டும் கறாராக அளக்க மாட்டார். படியைக் குவித்து அளந்து, மேலே ஒரு கை அள்ளிப் போடுவார். அந்த ஒரு கை எல்லோருக்கும் உண்டு. அவருக்குப் பிடிக்காதவர்களுக்கும் உண்டு.

மற்ற சாமான்கள் கதை வேறு. அப்போது யாரும் விலை கேட்டு வாங்கியதில்லை. காலணாவுக்கு மிளகாய், அரையணாவுக்குப் புளி என்று கேட்போம், பொட்டலம் கைக்கு வரும். சண்டை முற்ற முற்ற அரையணா அரையணாவாகவே இருந்தது, பொட்டலம்தான் இளைத்தது. அண்ணாச்சி ஒரு நாளும் "விலை ஏறிட்டு" என்று சொன்னவர் இல்லை. அவர் வாய் விலையேற்றத்தைச் சொல்லாது, பொட்டலம் சொல்லும். காகிதத்துக்கும் தட்டுப்பாடு வந்தபோது, காய்ந்த இலையில் கட்டிக் கொடுத்தார். இலை பெரிது, புளி சிறிது. பிரித்துப் பார்த்தால் கல்யாண வீட்டில் தொலைந்துபோன குழந்தை மாதிரி நடுவில் கிடக்கும்.

நான் அப்போது ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீசில் டாலி குமாஸ்தா. ஆற்றங்கரையில் நெல் விளைகிற ஊரிலிருந்து வந்து சேர்ந்து இரண்டு வருஷம், கல்யாணமாகி ஒரு வருஷம். டாலி குமாஸ்தா என்றால் பெரிய வேலையில்லை. எங்கள் கரையில் ஆழம் கிடையாது. கப்பல் பல மைல் தள்ளி நடுக்கடலில் நிற்கும். தோணியில்தான் சரக்கு ஏற்றிக்கொண்டு போவார்கள். தோணிக்குப் போகிற மூட்டை ஒவ்வொன்றுக்கும் நான் ஒரு கோடு போட வேண்டும். நாலு கோடு போட்டு ஒரு குறுக்குக் கோடு. இதற்கு ஒரு முக்காலியும் தொப்பியும் கொடுத்திருந்தார்கள். தெருவில் மட்டும் நான் துறைமுக ரகசியம் அறிந்தவன்.

அந்தப் பெயர் வந்ததே ஒரு விபத்து. பர்மாவிலிருந்து அரிசி வருவது நிற்பதற்கு மூன்று நாள் முன்னால் என் மாமனார் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். அவர் சாப்பிடுகிற அளவு தெரிந்ததால் கூடுதலாக இரண்டு படி அரிசி வாங்கினேன். அவர் ஊருக்குக் கிளம்பினார், அரிசி கடையை விட்டுக் கிளம்பியது. தெரு முழுவதும் சொன்னது: "கிளார்க்குக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு." நான் மறுத்திருக்கலாம். இருபத்து நாலு வயது, பாருங்கள். லேசாகச் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து என் பை தெருவுக்குப் பஞ்சாங்கம் ஆகிவிட்டது. நான் கடையிலிருந்து திரும்பும்போது, பேசுகிறவர்கள் என் முகத்தைப் பார்க்காமல் பையைப் பார்த்துப் பேசினார்கள்.

அப்புறம் ரேஷன் வந்தது. அரிசிக்குக் கார்டு. அரிசி போதாததற்குக் கோதுமையும் கம்பும். கோதுமையை என்ன செய்வது என்று ஆற்றங்கரைக்காரிக்குத் தெரியவில்லை. செண்பகம் அதைச் சோறு மாதிரி வேகவைத்தாள். ஒரு பொழுது முழுக்க வெந்தது, வெந்த பிறகும் கோதுமையாகவே இருந்தது. மென்று மென்று தாடை வலித்ததில் அன்று இரண்டு பேரும் சண்டை போடவில்லை. இதெல்லாம் எல்லா வீட்டிலும் நடந்ததுதான். எங்கள் வீட்டில் மட்டும் நடந்ததற்கு வருகிறேன்.

புரட்டாசிக் கடைசி. கல்கத்தாப் பக்கம் போக உப்புக் கப்பல் வந்திருந்தது. ஒன்று போனால் இன்னொன்று. காலையிலிருந்து சாயங்காலம் வரை உப்பு மூட்டைக்குக் கோடு போட்டேன். என் முக்காலிக்கு நேர் எதிரே ஆபீஸ் உயரத்துக்கு இருந்த உப்பு அம்பாரம் ஒரு வாரத்தில் என் தோள் உயரத்துக்கு வந்துவிட்டது. இன்னும் இரண்டு கப்பல் வருகிறதென்று பேச்சு. நான் யோசித்தேன். நான் யோசிப்பதுதான் எப்போதுமே ஆபத்து. ஐப்பசியில் மழை பிடிக்கும். மழை பிடித்தால் தை வரைக்கும் உப்பளத்தில் உப்பு விளையாது. இருப்பது முழுக்கக் கல்கத்தாவுக்குப் போய்விட்டால்? தூத்துக்குடி உப்பில்லாமல் கஞ்சி குடிக்கும். உலகத்தில் இந்த இரகசியம் தெரிந்த ஒரே ஆள் நான். தொப்பிக்குள் எனக்கு வியர்த்தது.

அன்று சாயங்காலம் அண்ணாச்சி கடைக்குப் போனேன்.

"உப்பு வேணும் அண்ணாச்சி."

"எத்தனை படி?"

"அரை மூட்டை."

அண்ணாச்சி தராசிலிருந்து கையை எடுத்தார். "தம்பி வீட்டுல எத்தனை உருப்படி?"

"ரெண்டு பேருதான்."

"ரெண்டு பேரா, ரெண்டு யானையா? இந்த ஊருல உப்பை மூட்டையில வாங்குத ஆளை இப்பதான் பாக்கேன்."

"மாமனார் ஊருக்குக் கேட்டாங்க" என்றேன். என் மாமனாருக்கு எத்தனையோ விஷயத்தில் நான் கடன்பட்டவன், அதில் இதுவும் ஒன்று.

"ம்" என்றார் அண்ணாச்சி. அந்த 'ம்' எனக்கு நல்லதாகப் படவில்லை. பக்கத்தில் எங்கள் தெருத் தபால்காரர் வெற்றிலை வாங்கிக்கொண்டு நின்றார். அவர் என்னையும் பார்க்கவில்லை, அண்ணாச்சியையும் பார்க்கவில்லை. மூட்டையைப் பார்த்தார். மறுநாள் அவர் எத்தனை வீட்டில் தபால் கொடுத்தாரோ, அத்தனை வீட்டுக்கும் என் உப்பும் போய்ச் சேர்ந்தது.

செண்பகம் மூட்டையைப் பார்த்து, "இது என்னது?" என்றாள். சொன்னேன். "மெதுவாப் பேசுங்க" என்று சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள், "அடுக்களையில வைக்க எடமில்ல. உங்க கட்டிலுக்கு அடியில வச்சுக்கோங்க" என்றாள். 'உங்க' என்ற சொல்லை அவள் அழுத்தியதைக் கவனித்தேன்.

அப்புறம் நடந்ததை நான் ஒரு பார்வையாளன் மாதிரிதான் சொல்ல முடியும். முதல் நாள், உப்பு வாங்கக் கூட்டம். இரண்டாம் நாள், உப்பு இலையில் கட்டிய பொட்டலமாக வந்தது. மேலே போடுகிற அந்த ஒரு கை நின்றுபோனது. மூன்றாம் நாள் காலையில் கடைக்குப் போனபோது வாசலில் ஈரச்சாக்கு வாசமே இல்லை. மூட்டையை அண்ணாச்சி உள்ளே இழுத்துப் போட்டு, மேலே ஒரு பலகையும் வைத்து, பலகை மேல் அவரே உட்கார்ந்திருந்தார். ஆளுக்கு ஒரு படி. விலை இரண்டு மடங்கு. அடுத்த தெருக் கடையிலும் அதே கதை. இதைப் பார்த்து நீங்கள் என்ன நினைப்பீர்கள்? 'இதற்குக் காரணம் நான்தானே' என்றுதானே? நான் அப்படி நினைக்கவில்லை. 'பார்த்தாயா, நான் பயந்தது சரிதான்' என்று நினைத்தேன். இன்னும் ஒரு படி வாங்கிக்கொண்டேன்.

நான் அந்த ஒரு படியை வாங்கிக்கொண்டு நிற்கும்போதுதான் சூசையம்மா வந்தாள். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி இருந்தவள். புருஷன் தோணியில் கொழும்புக்குப் போய் மூன்று மாதமாகத் திரும்பவில்லை. சண்டையினால் தோணி அங்கேயே கிடக்கிறது என்று ஒரு கடிதம் வந்ததோடு சரி. வீட்டில் மூன்று பிள்ளைகள். அவள் கொல்லையில் தாழி வைத்துக் கருவாடு போட்டு விற்பாள். மழைக்காலத்தில் மீனும் வராது, காயவைக்க வெயிலும் கிடையாது. அதற்கு முன்னால் போட்டு வைக்கிற கருவாடுதான் கிறிஸ்மஸ் வரைக்கும் அவர்களுக்குச் சோறு. அன்று விடிகாலையில் சாளை மீன் வலையில் ஏராளமாகப் பட்டிருந்தது. கையிலிருந்ததை எல்லாம் போட்டு நாலு கடகப்பெட்டி நிறைய வாங்கிவிட்டாள்.

"அண்ணாச்சி, நாலு கடகம் சாளை அங்கன கெடக்கு. உப்பு அளங்க."

"ஆளுக்கு ஒரு படிதான் சூசையம்மா."

"கொழம்புக்கா கேக்கேன்? மீனுக்குல்லா கேக்கேன்."

"மீனுக்குன்னு தனியாக் கார்டு இருக்கா? எல்லாருக்கும் ஒரே சட்டந்தான்."

"நேத்து முந்தாநாள் வரைக்கும் நாயி மோந்து பாத்துட்டுப் போன சாமானு. அதுக்கு மேல ஏறி உக்காந்துக்கிட்டுச் சட்டம் பேசுதியளே. ஒங்களுக்கே சிரிப்பு வரல?"

அண்ணாச்சிக்குச் சிரிப்பு வரவில்லை. அளத்துக்குப் போய் அவள் நேராக எடுக்கவும் முடியாது. அது சர்க்கார் உப்பு, வரி கட்டாத கைப்பிடி உப்புக்கும் காவல் உண்டு. கருவாட்டுக்காரர்களுக்குச் சர்க்கார் கொடுத்த சலுகை உப்பு, பெயர் பதிந்த பெரிய கைகளுக்குத்தான். சூசையம்மா என் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, நீங்க ஹார்பர்ல இருக்கிய. நெசமாவே உப்பு இல்லியா?"

அண்ணாச்சி என்னைப் பார்த்தார். பின்னால் நின்ற நாலைந்து பேரும் பார்த்தார்கள். இல்லை என்றால் கட்டிலுக்கு அடியில் இருப்பது என்ன என்று என் மனசு கேட்டது. இருக்கிறது என்றால் நான் ஏன் வாங்கினேன் என்று தெரு கேட்கும். "கப்பல்ல போகுது" என்று முணுமுணுத்தேன். அந்த இரண்டு சொல்லுக்கு விலை இன்னும் காலணா ஏறியிருக்கும். சூசையம்மா ஒரு படியை முந்தானையில் வாங்கிக்கொண்டு வேகமாகப் போனாள். சாளை வயிறு வெடிக்கிற மீன். வெயில் உச்சிக்கு வருவதற்குள் உப்பைப் பார்க்காவிட்டால் அது கருவாடு ஆகாது, குப்பை ஆகும். எனக்கு அது தெரியும். தெரிந்துகொண்டு ஆபீசுக்குப் போனேன்.

முக்காலியில் உட்கார்ந்தேன். எதிரே அம்பாரம் இடுப்பளவுக்கு வந்திருந்தது. உப்பு ஏற்றுகிற ஆட்களின் மேஸ்திரியைக் கூப்பிட்டு, "இதோட தீந்துதா?" என்று கேட்டேன்.

"எதோட?"

"இந்த அம்பாரத்தோட."

மேஸ்திரி என்னை எழுந்து வரச் சொன்னார். ஆபீஸ் சுவரைச் சுற்றிப் பின்பக்கம் கூட்டிப் போனார். இரண்டு வருஷத்தில் நான் அந்தப் பக்கம் போனதே இல்லை, என் வேலை முன்பக்கம். ஓலை போட்டு மூடி, வரிசையாக ஏழு அம்பாரம் நின்றது. ஒவ்வொன்றும் ஒரு மாதாகோயில் உயரம்.

"இது இங்கன உள்ளது. அளத்துல கெடக்கது தனி" என்றார். "நீங்க முன்னாடி ஒண்ணைப் பாத்துக்கிட்டா பயந்திய?"

ஆமாம், அதைப் பார்த்துத்தான் பயந்தேன். போகிற மூட்டையை எண்ண என்னை வைத்திருந்தார்கள். வருகிற மூட்டையை எண்ண வேறு ஆள், அவனுக்கு முக்காலி பின்பக்கம். அவன் வீட்டுக் கட்டிலுக்கு அடியில் நிச்சயமாக ஒன்றும் இருந்திருக்காது.

தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினேன். ஓடினேன் என்பது சரி. வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? கட்டிலில் உட்கார்ந்தேன். மூட்டையைத் தூக்கிக்கொண்டு தெருவில் போனால் பார்க்கிறவர்கள் என்ன கேட்பார்கள், நான் என்ன சொல்வது என்று யோசித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். மாமனாருக்கு வாங்கியதை ஏன் சூசையம்மாவிடம் கொண்டுபோகிறேன்? மாமனார் வேண்டாமென்றாரா? பயந்துதான் வாங்கினேன் என்று சொல்லிவிடலாமா? சொன்னால் இந்தத் தெருவில் இனிமேல் என் பையை யார் பார்ப்பார்கள்? சொல்லக் கூச்சமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் எனக்கு அந்தக் கவலை இருந்தது. மீன் நாறுமே என்று ஒரு பக்கம், மரியாதை போய்விடுமே என்று ஒரு பக்கம். எவ்வளவு நேரம் உட்கார்ந்தேன் என்று எனக்குத் தெரியாது. செண்பகத்துக்குத் தெரியும், அவள் உலை வைத்துக் கஞ்சி வடித்து முடித்திருந்தாள்.

அவள் வந்து வாசற்படியில் நின்றாள்.

"சூசையம்மாக்கா ரெண்டு தடவ வந்துட்டுப் போயிட்டாக. அக்கம்பக்கத்துல கைமாத்தாக் கேட்டுப் பாக்காக. நான் என்னன்னு சொல்ல?"

"ஏளா, யோசிச்சுக்கிட்டு இருக்கேன்."

"ஒங்க வெக்கம் போற வரைக்கும் சாளை காத்துக் கெடக்குமா?"

மூட்டையை இழுத்தேன். நாலு நாள் கடற்காற்றில் கட்டிலுக்கு அடியில் கிடந்த உப்பு பாதி கசிந்து, தரையெல்லாம் நசநசவென்று இருந்தது. பக்கத்தில் வைத்திருந்த ரேஷன் அரிசிப் பை அடிப்பக்கம் நனைந்து விறைத்திருந்தது. அந்த அரிசியை அடுத்த ஒரு வாரம் உப்புப் போடாமலே பொங்கித் தின்றோம், அது தனி. தலையில் துண்டைச் சும்மாடு கட்டி மூட்டையை ஏற்றினேன். சாக்கிலிருந்து உப்புத் தண்ணீர் நெற்றியில் இறங்கிக் கண்ணில் விழுந்தது. உச்சி வெயிலில், கண்ணைத் திறக்க முடியாமல், சட்டையும் தொப்பியுமாக ஆபீசுக்குப் போகிற குமாஸ்தா உப்பு மூட்டை சுமந்துகொண்டு தெருவில் போனதை எத்தனை பேர் பார்த்தார்களோ, எனக்குத் தெரியாது. அந்த வகையில் கண் எரிந்தது நல்லதுதான்.

சூசையம்மாவின் கொல்லைக்குப் போனபோது வாசனையே பாதியைச் சொல்லிவிட்டது. இரண்டு கடகத்தைத் தென்னை மரத்தடியில் குழி தோண்டி அவள் கொட்டிக்கொண்டிருந்தாள். பிள்ளைகள் மண் தள்ளிக்கொண்டிருந்தன. மற்ற இரண்டு கடகத்தை ஓலைப் பாய் போட்டு மூடி, மேலே தண்ணீர் தெளித்து வைத்திருந்தாள்.

"ரெண்டு போச்சு" என்றாள். "ரெண்டு நிக்கும். எறக்குங்க தம்பி, எறக்குங்க."

தாழியில் ஒரு அடுக்கு மீன், ஒரு அடுக்கு உப்பு என்று அவள் கை போன வேகம் எனக்கு இப்போதும் கண்ணில் நிற்கிறது. பாதி வேலையில் தலை நிமிராமல் கேட்டாள்.

"எங்கன கெடச்சுது?"

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரை வந்தது. "ஆபீசுல குடுத்தாங்க" என்றேன்.

"சும்மாவா?"

"சும்மாதான்."

"மாதா புண்ணியத்துல நல்லா இருப்பிய" என்றாள்.

அந்தப் பொய் என்ன செய்தது என்று கேளுங்கள். சூசையம்மா நன்றியுள்ளவள், சாயங்காலத்துக்குள் எல்லோரிடமும் சொன்னாள். மீதியைத் தபால்காரர் பார்த்துக்கொண்டார். 'துறைமுகத்துல உப்பு மிஞ்சிப் போச்சாம், குமாஸ்தாமாருக்கு மூட்டை மூட்டையாச் சும்மா குடுக்காகளாம்.' மறுநாள் விலை படுத்துவிட்டது. அண்ணாச்சி மூட்டையை மறுபடி தெருவுக்கு இழுத்துப் போட்டார். வாங்கிப் பதுக்கியவர்கள் நாலைந்து பேர் திருப்பிக் கொடுக்க வந்தார்கள். "வித்த சாமானைத் திருப்பி எடுக்குத வழக்கம் நம்ம கடையில இல்ல. தேவையில்லைன்னா அந்த மூட்டையில கொட்டிட்டுப் போங்க" என்றார். கொட்டிவிட்டுப் போனார்கள். நான் உண்மையாகப் பயந்தபோது ஊருக்கு விலை ஏறியது, பொய் சொன்னபோது இறங்கியது. பொருளாதாரம் படித்த யாரிடமாவது இதற்கு விளக்கம் கேட்க வேண்டுமென்று ரொம்ப நாளாக எண்ணம்.

இரண்டு கடகக் கருவாடு கிறிஸ்மஸ் வரை வரவில்லை. கார்த்திகையிலேயே தீர்ந்தது. அப்புறம் சூசையம்மா காதில் கிடந்த தண்டட்டி காணாமல் போனது. தையில் புருஷன் திரும்பி வந்துவிட்டான். ஆனால் அந்தக் காது அப்படியே வெறுமையாகத் தொங்கியது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வருஷமும் புரட்டாசி முடிந்ததும் ஓலைக் கொட்டானில் எங்கள் வீட்டுக்குக் கருவாடு வரும். "அந்த வருசம் இந்தத் தம்பி உப்பு கொண்டாரலைன்னா எம்புள்ளைய கெதி என்ன" என்று வந்தவர்கள் போனவர்களிடமெல்லாம் சொல்வாள், என்னை வைத்துக்கொண்டே சொல்வாள். அப்படி ஒருத்தி சொல்லிக்கொண்டிருக்கும்போது குறுக்கே புகுந்து என்ன சொல்வது? செண்பகம் அந்தக் கருவாட்டைக் குழம்பு வைத்து எனக்கு மட்டும் பரிமாறுவாள். தான் தொட மாட்டாள். பக்கத்தில் உட்கார்ந்து, "உப்பு கூடிட்டோ?" என்று கேட்பாள்.

சொல்லிவிட வேண்டும் என்று ஒவ்வொரு கொட்டான் வந்தபோதும் நினைத்தேன். மகளைக் கட்டிக் கொடுத்த பெரியதாழை ஊருக்குச் சூசையம்மா குடும்பத்தோடு போனபோது, வண்டி வரைக்கும் சென்று வழியனுப்பினேன். அப்போதும் சொல்லவில்லை. அவள் இறந்த செய்தி எனக்குப் பதினைந்து நாள் கழித்துத்தான் தெரிந்தது.

ரவை வாங்கிய மறுநாள், என்ன நினைத்தேனோ, அந்தப் பழைய தெருப் பக்கம் போனேன். அண்ணாச்சி கடை இருந்த இடத்தில் சைக்கிள் கடை. சூசையம்மாவின் வீடும் கொல்லையும் தென்னையும் சேர்ந்து ஒரு ஐஸ் கம்பெனி ஆகியிருக்கிறது. வாசலில் லாரி நின்றது. பெட்டி பெட்டியாக மீனை அடுக்கி, உடைத்த ஐஸை மண்வெட்டியால் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்கள். எவ்வளவு மீன், எவ்வளவு ஐஸ். நான் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, லாரிக்காரரிடம், "உப்பு போடறதில்லையா?" என்று கேட்டேன்.

"உப்பா?" என்று திரும்பிப் பார்த்தார். "உப்பு எதுக்கு சார் இதுக்கு?"

ஆள் நல்ல மனிதராகத்தான் தெரிந்தார், பதிலுக்காகக் கொஞ்ச நேரம் நின்றார். அவரிடமும் சொல்லவில்லை.